சங்கரன்கோவில் வட்டத்தின் தூய மூளை

செல்லச்சாமி போன் வாங்கத்தான் சங்கரன்கோவிலுக்குப் போனார். போன இடத்தில் அரசாங்கம் அவரைப் பாதுகாக்கப்பட்ட உயிரினமாக அறிவித்துவிட்டது.

கரிவலம்வந்தநல்லூருக்கு அடுத்த ஊர் அவருக்கு. கொஞ்சம் கரிசல் காட்டில் உளுந்தும் மக்காச்சோளமும் போடுவார். வீட்டில் இரண்டு எருமை. மகள் இசக்கிச்செல்வியைப் புனேயில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று அழைத்துவர ஏற்பாடெல்லாம் செய்தாகிவிட்டது. ஆனால் அங்குள்ள டாக்டரம்மா ரயிலில் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டதால், தாய்வீடே பெட்டி கட்டிக்கொண்டு புனேக்குப் போகவேண்டியதாயிற்று. மனைவி பேச்சித்தாய் போனாள். அவளோடு வீட்டிலிருந்த ஒரே போனும் போனது.

செல்லச்சாமிக்கென்று தனியாகப் போன் இல்லாததற்குக் கொள்கை எதுவும் காரணமில்லை. ஒரு போன், கிணற்று மோட்டாரைக் குனிந்து பார்த்தபோது சட்டைப்பையிலிருந்து விழுந்தது. இன்னொன்றை வாய்க்காலில் வைத்துவிட்டு மறந்துபோய் மடையைத் திறந்துவிட்டார். மூன்றாவது எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. இனி உங்களுக்குப் போன் கிடையாது என்று பேச்சித்தாய் தீர்ப்புச் சொன்னாள். அவரும் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை.

இப்போது பேத்தி பிறந்துவிட்டாள். நெற்றி அப்படியே தாத்தா நெற்றி என்று பக்கத்து வீட்டுக்குச் சேதி வந்தது. பக்கத்து வீட்டுப் போன் பட்டன் போன். அதில் குரல் வரும், முகம் வராது. அன்றைக்கு முழுக்க அவர் கையை அடிக்கடி நெற்றிக்குக் கொண்டுபோய்த் தடவிக்கொண்டே இருந்தார். மறுநாள் காலை பஸ் ஏறிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மாரிராஜ் என்பவருடைய செல்போன் கடை. முகம் பார்த்துப் பேசுகிற மாதிரி ஒன்று வேண்டும் என்று செல்லச்சாமி கேட்டார். மாரிராஜ் பெட்டியைப் பிரித்து, போனைக் கையில் எடுத்து, கண்ணாடி மேலிருந்த மெல்லிய தாளை உரித்துக்கொண்டே, "இதுக்கு முன்னால என்ன போன் வச்சிருந்திய அண்ணாச்சி?" என்றார்.

"எங்கிட்ட போனே கிடையாதுப்பா" என்றார் செல்லச்சாமி.

கடையில் ரீசார்ஜ் செய்ய நின்றிருந்த ஒரு பெண் சட்டென்று திரும்பினாள். மாரிராஜ் கையிலிருந்த போனுக்கும் செல்லச்சாமி நீட்டிய கைக்கும் நடுவில் தன் கைப்பையை நுழைத்தாள். "ஐயா, அதைத் தொட்டுட்டியளா?" என்று கேட்டாள். தொடவில்லை என்றார். அவள் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள்.

அவள் பெயர் மீனலோசினி. கடைக்கு நேர் மாடியில் புதிதாகத் திறந்திருந்த மூளைவளப் பாதுகாப்பு வாரியத்தின் மண்டல அலுவலகத்தில் ஆய்வு உதவியாளர். இந்த வாரியம் பிறந்த கதை சிறியது. செல்போன், கணினி, பேசும் இயந்திரம் என்று வந்தபிறகு மனித மூளை தேய்ந்துகொண்டே வருகிறது, இப்படியே போனால் சில தலைமுறைகளில் கழுத்து வளைந்து, கட்டைவிரல் நீண்டு, ஞாபகசக்தி என்பது குடல்வாலைப் போல எதற்கென்றே தெரியாத உறுப்பாகிவிடும் என்று ஒரு நிபுணர் குழு அறிக்கை கொடுத்தது. அறிக்கை மிகவும் தடிமனாக இருந்ததால் யாரும் படிக்கவில்லை. ஒரு இயந்திரத்திடம் கொடுத்துச் சுருக்கி வாங்கிக்கொண்டார்கள். சுருக்கத்தில் கண்டபடி, போன் படாத தூய மூளையைத் தாலுகாவுக்கு ஒன்று வீதம் கண்டெடுத்து, விதைநெல் போலப் பாதுகாத்து வைக்க முடிவாயிற்று. நிதியாண்டு முடிவதற்குள் கண்டெடுக்காவிட்டால் ஒதுக்கீடு திரும்பிப் போய்விடும்.

மீனலோசினி தாலுகா முழுக்க ஸ்கூட்டியில் சுற்றியிருந்தாள். திருவேங்கடம் பக்கம் கிடை போட்டிருந்த ஆட்டுக்காரர் ஒருவரை நம்பிக்கையோடு அணுகியபோது, அவர் ஆடுகளுக்கென்றே தனிச் சேனல் நடத்துவது தெரியவந்தது. கோவில் வாசலில் தர்மம் கேட்கிறவர்கூட ஸ்கேன் அட்டை வைத்திருந்தார். நிதியாண்டு முடிகிற நேரத்தில்தான் செல்லச்சாமி அவள் கண்ணில் பட்டார்.

மாடிக்கு வந்து ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று கூப்பிட்டாள். அரசாங்கத்தில் கையெழுத்துக் கேட்டால் தார்ப்பாயோ மருந்து தெளிக்கும் பம்போ மானியத்தில் வரும் என்பது செல்லச்சாமியின் அனுபவம். மாரிராஜிடம் போனை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு மாடியேறினார்.

மண்டல அலுவலர் நாறும்பூநாதன் எழுந்து நின்று வணங்கினார். செல்லச்சாமியை எந்த அலுவலகத்திலும் எவரும் எழுந்து நின்று வணங்கியதில்லை. அதனால் தன்னுடைய மூன்று போன்களைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அவை பட்டன் போன்கள்தானே என்று கேட்டார் நாறும்பூநாதன். ஆமாம் என்றதும், பட்டன் போன் பரிணாமத்தில் சேராது என்று சொல்லிக் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் சோதனைகள் தொடங்கின. முதலில் ஞாபகசக்தி. இருபது சொற்களை மீனலோசினி படித்துக் காட்ட, செல்லச்சாமி திருப்பிச் சொல்லவேண்டும். அவர் வெகுநேரம் யோசித்து உளுந்து, எருமை, டீ என்று மூன்று சொன்னார். டீ அந்தப் பட்டியலிலேயே இல்லை. மீனலோசினி முகம் வாடிப்போய் அலுவலரைப் பார்த்தாள். நாறும்பூநாதன் கொஞ்சமும் அசரவில்லை.

"இதுதாம்மா தூய மூளை. தேவையில்லாததை எடுத்து வச்சிக்கிடாது. நம்மள மாதிரி ஆளுன்னா இருபதையும் போட்டோ எடுத்து வச்சிருப்போம். டீயப் பாருங்க. பட்டியல்ல இல்லாததையும் சொந்தமா யோசிச்சிருக்காரு."

அதை அப்படியே எழுதச் சொன்னார். மீனலோசினி எழுதினாள்.

அடுத்தது திசையறிவு. வரைபடம் பார்க்காமல் மனிதன் இன்னும் வழி கண்டுபிடிக்கிறானா என்று பார்க்கவேண்டும். திருவேங்கடத்தில் அவரை இறக்கிவிட்டு, சங்கரன்கோவில் அலுவலகத்துக்கு இயற்கையான முறையில் வந்து சேரச் சொன்னார்கள். செல்லச்சாமி அங்கே நின்றிருந்த பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, காற்றுக்குத் தூங்கிப்போனார். சங்கரன்கோவில் வந்தது தெரியவில்லை. கண்விழித்தபோது பஸ் புளியங்குடியில் நின்றது. வந்ததே வந்தோம் என்று சந்தையில் நல்ல எலுமிச்சையாகப் பொறுக்கி ஒரு பை வாங்கிக்கொண்டு சாயங்காலம் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தார். அவரைப் பின்தொடர்ந்த வாரியத்து ஜீப், போன் காட்டிய குறுக்குவழியில் போய் ஈரக் கரிசலில் அச்சு வரை புதைந்து, அவருக்கும் பிறகுதான் வந்தது. அறிக்கையில் அவர் புளியங்குடி போனது 'விரிந்த சுற்றுப்பாதை' என்றும், எலுமிச்சை 'உணவு சேகரிக்கும் தொல்லியல்பு' என்றும் பதிவாயின. எலுமிச்சையை நாறும்பூநாதன் சான்றுப்பொருளாக வீட்டுக்கு எடுத்துப் போனார்.

இதற்கெல்லாம் பிறகு செல்லச்சாமி மாரிராஜ் கடைக்குப் போய், எடுத்து வைத்த போனைக் கேட்டார். மாரிராஜ் சங்கடத்தோடு சுவரைக் காட்டினார். செல்லச்சாமியின் படம் போட்டு, இவருக்குப் போன் விற்பவர், இரவல் கொடுப்பவர், எட்ட நின்று காட்டுபவர் யாராயினும் நடவடிக்கைக்கு உள்ளாவர் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டிலும் ஒட்டியிருந்தார்கள். அன்று முதல் அவர் பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர்கள் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்கள். அம்மை போட்டவர் மாதிரி நம்மைப் பார்க்கிறார்களே என்று அவருக்கு வருத்தமாக இருந்தது. ரேஷன் கடையில் விரல் வைக்கிற மெஷினும் திரை வகையில் சேரும் என்று வாரியம் கடிதம் அனுப்ப, கடைக்காரர் அரிசி போட மறுத்துவிட்டார். மீனலோசினி தன் வீட்டிலிருந்து ஒரு பை அரிசியை ஸ்கூட்டியில் கொண்டுவந்து இறக்கினாள். அவள் அதை அறிக்கையில் எழுதவில்லை.

போன் இல்லாதவர் என்று அவரைப் பதிவு செய்வதில்தான் பெரிய சிக்கல் வந்தது. வாரியத்தின் இணையதளத்தில் போன் இல்லாதவர்களுக்கான பக்கத்தை நிரப்பினால், அவர்களுடைய போனுக்கு ஒரு எண் வரும், அந்த எண்ணைப் போட்டால்தான் பதிவாகும். இரண்டு நாள் ஆலோசனைக்குப் பிறகு நாறும்பூநாதன் தன்னுடைய நம்பரையே கொடுத்தார். அப்புறம் தினசரி வருகைப்பதிவு. அதற்கு அவர் முகத்தைப் போன் பார்க்கவேண்டும், ஆனால் அவர் போனைப் பார்க்கக்கூடாது. திரை முழுக்கச் செய்தித்தாளை ஒட்டி, கேமராவுக்கு மட்டும் ஓட்டை போட்டுப் பிடித்தார்கள். இமையுங்கள், இடது பக்கம் திரும்புங்கள் என்று செய்தித்தாளுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் சொல்லும். செல்லச்சாமி தினமும் இமைத்துத் திரும்பினார்.

அரசு ஆவணப்படி செல்லச்சாமியின் போன் நம்பர் இப்போது நாறும்பூநாதனுடையது அல்லவா? அதை மாரிராஜ் பேச்சித்தாய்க்குச் சொல்லிவிட்டார். பேச்சித்தாய் அன்று சாயங்காலமே கூப்பிட்டாள். அவர் சாப்பிட்டாரா, எருமைக்குத் தவிடு வைத்தாரா, கொடியில் காயும் போர்வையை எடுத்தாரா என்று விசாரித்தாள். பாதுகாக்கப்பட்ட நபரின் குடும்பத்துக்குப் பதில் சொல்லவேண்டிய பொறுப்பு விதியில் இருந்தது. ஆகவே நாறும்பூநாதன் ஒவ்வொன்றுக்கும் குறிப்பாணை போட்டு மீனலோசினியிடம் கொடுத்தனுப்பினார். 'எருமைக்குத் தவிடு வைக்கப்பட்ட விவரத்தை மூன்று தினங்களுக்குள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.' மூன்று தினங்களுக்குள் எருமை கத்தி ஊரைக் கூட்டிவிடும் என்று செல்லச்சாமி பதில் எழுதச் சொன்னார்.

ஒருநாள் பேச்சித்தாய் பிள்ளையின் படத்தை அனுப்பினாள். செல்லச்சாமி மாடிக்கு ஓடினார். திரையில் காட்டமுடியாது, காகிதத்தில் எடுத்துக் கொடுக்கலாமா என்று சென்னைக்கு எழுதியிருக்கிறோம், பதில் வந்ததும் சொல்லுகிறோம் என்றார் நாறும்பூநாதன். அவர் நல்ல மனிதர்தான். கிழவர் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல், தானே பார்த்து விவரம் சொல்ல முன்வந்தார். போனை மார்போடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "குழந்தை நல்ல நிலையில் உள்ளது. இரண்டு கண்கள். மூடியிருக்கு" என்றார்.

"நெத்தி எப்படி சார் இருக்கு?"

நாறும்பூநாதன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "நெற்றி இருக்கு" என்றார்.

செல்லச்சாமி தலையாட்டிவிட்டு இறங்கினார். பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ் வந்து போயும் அவர் ஏறவில்லை. எதிரே ஒரு தாய் மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதன் நெற்றியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பங்குனியில் வாரியம் விழா எடுத்தது. சென்னையிலிருந்து வாரியத் தலைவர் வந்து, சங்கரன்கோவில் வட்டத்தின் தூய மூளையை நாட்டுக்கு அர்ப்பணிப்பார் என்று கல்யாண மண்டபத்தில் ஏற்பாடு. அதே நாள் அதே காலையில்தான் புனேயில் பேர் வைக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் தாத்தா கிடையாது. செல்லச்சாமிதான் மூன்று தரம் பெயரைச் சொல்லிக் கூப்பிடவேண்டும். ஆத்விகாஸ்ரீ என்று மாப்பிள்ளை தேர்ந்தெடுத்திருந்த பெயரை முந்தின நாளே குறிப்பாணையில் எழுதி அனுப்பியிருந்தார் நாறும்பூநாதன். வாய்வழியாக நான் வாங்கிச் சொல்லிவிடுகிறேன், விழா முடியட்டும் என்று சமாதானமும் சொன்னார். பேத்திக்கு ஆபீசர் வாயால் பேர் வைப்பதா என்று செல்லச்சாமி காலையிலிருந்து யாரோடும் பேசவில்லை. கழுத்தில் மாலையோடு மேடை நடுவில் உட்கார்ந்திருந்தார். மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லோரும் போனைத் தூக்கி, போனையே பார்த்ததில்லை என்று சொல்லப்பட்ட மனிதரைப் படம் எடுத்தார்கள்.

நாறும்பூநாதன் வரவேற்புரை வாசித்தார். உரை அவர் போனில் இருந்தது. கட்டைவிரல் நீளும் படங்களும் அதே போனில் இருந்து, பின்னாலிருந்த பெரிய எல்இடி திரையில் வந்துகொண்டிருந்தன.

"இன்றைய மனிதன் சிந்திப்பதை நிறுத்திவிட்டான். தாயின் நம்பர் அவனுக்குத் தெரியாது. தன் வீட்டுக்கு வழி தெரியாது. நாலு வரி சொந்தமாக எழுதத் தெரியாது. எல்லாவற்றையும் இயந்திரத்திடம் கேட்கிறான். இந்த நிலை நீடித்தால் மனித இனம் என்னவாகும்? இந்த உரையை இன்னும் கொஞ்சம் உருக்கமாக மாற்றித் தரட்டுமா?"

கடைசி வாக்கியத்தையும் அவர் அதே கம்பீரத்தோடுதான் வாசித்தார். மண்டபம் கைதட்டியது. மாற்றுங்கள் என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னார். தலைவர் மட்டும், நல்ல கேள்வி என்று பக்கத்திலிருந்தவரிடம் பாராட்டினார்.

அந்த நேரம்தான் பேச்சித்தாய் கூப்பிட்டாள். பேர் வைக்கிற நேரமாகியும் கிழவர் கூப்பிடவில்லை என்பதால் வீடியோவில் கூப்பிட்டாள். நாறும்பூநாதனின் உரை மறைந்தது. பதறிப்போய் எதையோ தொட்டார். நீண்ட கட்டைவிரல் இருந்த இடத்தில், சுவர் முழுக்க ஒரு குழந்தையின் முகம் வந்து நின்றது.

பிள்ளை விழித்திருந்தது. மண்டபத்து மின்விசிறியைப் பார்ப்பதுபோல மேலே பார்த்துக்கொண்டிருந்தது. செல்லச்சாமி எழுந்தார். மாலை நழுவிக் கீழே விழுந்தது. திரைக்குப் பக்கத்தில் போய், அண்ணாந்து, அந்த நெற்றியைப் பார்த்தார். அகலமான நெற்றி. நடுவில் லேசான ஒரு பள்ளம். தன் நெற்றியில் இருக்கும் பள்ளத்தை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எப்படிக் கட் பண்ணுறதும்மா?" என்று நாறும்பூநாதன் மீனலோசினியிடம் கிசுகிசுத்தார்.

"எனக்கும் தெரியல சார்" என்றாள் மீனலோசினி. ஆபீசில் எல்லோருக்கும் போன் சரிபண்ணிக் கொடுப்பவள் அவள்தான்.

திரையின் ஓரத்திலிருந்து பேச்சித்தாயின் குரல் வந்தது. "என்னங்க, நேரம் போவுது. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க."

செல்லச்சாமி வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. ஆ என்று தொடங்கும் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. பிள்ளை கையை உதறி ஒரு சத்தம் போட்டது. அவருக்கு என்ன தோன்றியதோ, சங்கரன்கோவில் பக்கம் பிறந்த எவர் வாயிலும் யோசிக்காமல் வருகிற அம்மன் பெயர்தான் வந்தது. "கோமதி" என்றார். இன்னும் இரண்டு தரம் சொன்னார். மூன்றாவது தரம் மண்டபமும் சேர்ந்து சொன்னது.

அங்கே புனேயில் மாப்பிள்ளை ஏதோ சொல்ல வந்ததும், இசக்கிச்செல்வி சும்மா இருங்க என்று அடக்கியதும் இங்கே எல்லோருக்கும் கேட்டது. "சரி, அப்படியே இருக்கட்டும்" என்றாள் பேச்சித்தாய்.

நாறும்பூநாதன் காதோடு விஷயத்தைச் சொல்ல, வாரியத் தலைவர் மைக்கைப் பிடித்தார். அவர் முகத்தில் கவலையும் ஒரு பெரிய கண்டுபிடிப்பின் களிப்பும் சேர்ந்து தெரிந்தன. "பார்த்தீர்களா? நேற்றுச் சொன்ன பெயர். இத்தனை நாளாகத் தூய்மையாக இருந்த மூளை. திரையைப் பார்த்த ஒரே நிமிடத்தில் ஞாபகம் போய்விட்டது. இதைத்தான் எங்கள் வாரியம் தலைதலையாக அடித்துக்கொண்டு சொல்கிறது" என்றார். மண்டபத்தில் பலர் பயந்து, அந்தப் பேச்சைப் படம் பிடித்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினார்கள்.

அதன்பிறகு விசாரணை நடந்தது. செல்லச்சாமி திரையைப் பார்த்தது பயன்பாடா, வெறும் பாதிப்பா என்று ஆராய்ந்தார்கள். பார்த்ததோடு நிற்காமல் பேசியும் இருக்கிறார், ஆகவே பயன்பாடே என்று முடிவாயிற்று. மாசுபட்ட மூளை என்று அவரைப் பட்டியலிலிருந்து நீக்கப் பரிந்துரை சென்னைக்குப் போனது. ஆனால் நீக்க ஆணை வரும்வரை அவர் பாதுகாக்கப்பட்டவர்தான் என்பதால் நோட்டீஸ் சுவரிலேயே இருந்தது. நாறும்பூநாதன் தினமும் அவருக்குக் குறிப்பாணை அனுப்பிக்கொண்டிருந்தார். பேச்சித்தாயின் நம்பர் அவருக்கு மனப்பாடமாகிவிட்டது.

ஆணை ஆடியில்தான் வந்தது. அதற்குள் பேச்சித்தாய், மகளையும் பேத்தியையும் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டாள். தபசுக் காட்சி பார்க்கத் தெரு முழுக்க ஜனம். கோமதி அம்மனுக்குச் சாமி காட்சி தருகிற நேரத்தில் எல்லோரும் போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடிக்க, செல்லச்சாமி பேத்தியைத் தூக்கிப் பிடித்திருந்தார். பிள்ளை ஒருத்திக்கு மட்டும் எதுவும் மறைக்காமல் தெரிந்தது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு மீனலோசினி வந்தாள். ஒப்புதல் கையெழுத்து வாங்கவேண்டுமாம். கண்ணாடி கொண்டுவரவில்லை, என்ன எழுதியிருக்கிறது என்று நீயே படி தாயி என்றார் செல்லச்சாமி. அவள் சத்தமாகப் படித்தாள்.

"'மேற்படி நபர் இன்று முதல் பரிணாம வளர்ச்சி அடைவதில் இவ்வாரியத்துக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை.'"

"அப்படின்னா?"

"இனிமே நீங்க போன் வாங்கிக்கிடலாம்யா. அடுத்த வாரம் பிள்ளை புனேக்குப் போனாலும் தினம் முகத்தைப் பாத்துக்கிடலாம்."

செல்லச்சாமி சிரித்தார். கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடுவதற்குள் பேத்தி ஆணையைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டாள். பேச்சித்தாய் அதை மெதுவாக உருவி, எச்சிலை முந்தானையில் துடைத்துவிட்டு, கணவரை மேலும் கீழுமாக ஒருதரம் பார்த்தாள்.

"நானும் கல்யாணம் ஆன நாளுலேர்ந்து பாக்கேன்" என்றாள் மீனலோசினியிடம். "ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் குடுத்துட்டா மட்டும் இவரு வளந்துருவாராக்கும்?"